எஞ்சின் நின்று போனால் நங்கூரம்தான் பிரேக்!

கல்லைக் கட்டிப் போட்டால் போதுமா? கயிறு எவ்வளவு வேண்டும்? படகில் எங்கே வைப்பது?
உயிர் காக்கும் விவரங்கள்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்கு 2012-ம் ஆண்டு நவம்பர் மாதம் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறந்து இருக்காது. கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கப்பல்! ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

அது "பிரதிபா காவேரி" என்ற எண்ணெய்க் கப்பல். சென்னை துறைமுகத்துக்கு வெளியே நடுக்கடலில் நின்று கொண்டு இருந்தது. அக்டோபர் 31-ந்தேதி "நீலம்" புயல் அடித்தது. நங்கூரத்தால் கப்பலைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. காற்று அதை அப்படியே தள்ளிக் கொண்டு வந்து கரையில் போட்டு விட்டது.

உயிர் காக்கும் படகில் இறங்கித் தப்ப முயன்ற ஊழியர்களில் 6 பேர் பலி ஆனார்கள்.

மலை போன்ற கப்பலுக்கே இந்தக் கதி! அப்படியானால், காசிமேட்டில் இருந்து தினம் தினம் கடலுக்குப் போகும் 30 அடி பைபர் படகின் கதி என்ன?

முன்பு கட்டுமரம் இருந்தது. பாய் இருந்தது. துடுப்பு இருந்தது. 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகி விட்டன. பின்பக்கம் மாட்டிய அவுட்போர்டு மோட்டார்தான் இப்போது எல்லாம். அது ஓடும் வரை கவலை இல்லை. நின்று விட்டால்?

அப்போது படகைப் பிடித்து நிறுத்த ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுதான் நங்கூரம்!

9 நிமிடம்!

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

விடிகாலை நேரம். வலையை இழுத்துப் போட்டாகி விட்டது. படகில் 4 பேர். கரை விளக்குகள் தெரிகின்றன. "இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏலம் போட்டு விடலாம்" என்ற நினைப்பில் வருகிறார்கள். திடீர் என்று எஞ்சின் "டக்" என்று நின்று விடுகிறது. விசிறியில் யாரோ வீசிய பழைய வலை சுற்றிக் கொண்டது.

வாடைக்காற்று படகைக் கரைப் பக்கம் தள்ளுகிறது.

"மாமா! நங்கூரத்தப் போட்டுடட்டா?"

"போடுடா சீக்கிரம்! எங்க கீது அது?"

"வலைக்கு அடியில கீது மாமா!"

"வலையத் தள்ளி எடுடா! கயிறு எங்க?"

"நேத்து ஐஸ் பெட்டியக் கட்டறதுக்கு அவுத்தோமே…"

இந்த இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டும். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் படகு நகர்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மனிதன் நடப்பதை விட மெதுவான வேகம்தான். ஆனாலும் ஒரு நிமிடத்துக்கு 33 மீட்டர் போய் விடும். கரையோரத்தில் கொட்டிக் கிடக்கும் கருங்கல் 300 மீட்டர் தூரத்தில் இருந்தால், அதில் மோத 9 நிமிடம்தான்!

காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை கடல் அரிப்பைத் தடுக்க, கரையோரம் பாறாங்கற்கள் கொட்டப்பட்டு இருக்கின்றன. வீடுகளைக் காப்பாற்றும் அந்தக் கல், ஓடாத படகுக்கு எமன். அலை தூக்கி ஒரே ஒரு அடி அடித்தால் பைபர் பிளந்து விடும்.

அந்த 9 நிமிடத்துக்குள் நங்கூரம் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். இறங்கினால் மட்டும் போதாது. பிடிக்கவும் வேண்டும்!

எடை குறைகிறது!

"நங்கூரம்னா கனமா இருக்கணும். அவ்வளவுதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். கருங்கல்லையோ, சிமெண்டுக் கட்டியையோ கயிற்றில் கட்டி வைத்துக் கொள்கிறார்கள்.

இதில் ஒரு எடைக் குறைவு இருக்கிறது. கடைக்காரர்கள் கவனிக்க!

தண்ணீருக்குள் போனால் எந்தப் பொருளுக்கும் எடை குறையும். கரையில் 20 கிலோ இருக்கும் கருங்கல், கடலுக்குள் சுமார் 12 கிலோதான். சிமெண்டுக் கட்டி இன்னும் மோசம். சுமார் 11½ கிலோதான் தேறும். 20 கிலோ இரும்பு மட்டும் 17 கிலோவுக்கு மேல் நிற்கும்.

கல் தரையில் உட்காரும், தரையைப் பிடிக்காது. காற்று பலத்தால் கல்லையும் சேர்த்து இழுத்துக் கொண்டு படகு போய் விடும். காற்றின் வேகம் 2 மடங்கு ஆனால் அது படகைத் தள்ளும் பலம் 4 மடங்கு ஆகி விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நல்ல நங்கூரம் எடையால் நிற்பது இல்லை. ஏர் மண்ணுக்குள் இறங்குவது போல இறங்கி, பிடித்துக் கொண்டு நிற்கிறது. சரியாகப் புதைந்து விட்டால், தன் எடையைப் போலப் பல மடங்கு இழுப்பைத் தாங்கும்.

விமானத்துக்கு நங்கூரம்

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது.

தண்ணீரில் இறங்கும் விமானங்கள் ஒரு காலத்தில் நிறைய இருந்தன. அவற்றையும் நங்கூரம் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஆனால் விமானத்தில் கனமான இரும்பை ஏற்ற முடியுமா?

இங்கிலாந்து விஞ்ஞானி ஜெப்ரி டெய்லர் 1933-ம் ஆண்டில் இதற்கு வழி கண்டுபிடித்தார். நங்கூரத்தின் முனையை ஏர்க் கலப்பை போலச் செய்தார். எடை குறைந்தது. பிடி கூடியது!

அதன் பிறகு அமெரிக்காவில் ரிச்சர்டு டான்போர்த் என்பவர் 2 தட்டையான, கூர்மையான தகடுகள் வைத்த நங்கூரத்தைச் செய்தார். 2-வது உலகப் போரில் வீரர்களைக் கரையில் இறக்கிய படகுகளில் இது இருந்தது. கரைக்கு வரும்போதே பின்னால் நங்கூரத்தைப் போட்டு விடுவார்கள். வீரர்கள் இறங்கியதும், அந்த நங்கூரக் கயிற்றை இழுத்துப் படகைக் கடலுக்குள் மீட்டுக் கொள்வார்கள்.

கலப்பை நங்கூரம், தட்டை நங்கூரம் இரண்டும் இன்று உலகம் முழுவதும் சிறு படகுகளில் இருக்கின்றன.

எந்தத் தரைக்கு எது?

மணல், சேறு உள்ள இடத்துக்குத் தட்டை நங்கூரம் மிகவும் ஏற்றது. எடை குறைவு. மடக்கிப் படுக்க வைத்து விடலாம். இடத்தை அடைக்காது. ஆனால் பாறையில் பிடிக்காது. 2 தகடுகளுக்கு நடுவே கல் சிக்கினால் வேலை செய்யாது. நீரோட்டம் திசை மாறும்போது பிடுங்கிக் கொண்டு வந்தாலும் வரலாம்.

கலப்பை நங்கூரம் அப்படி அல்ல. படகு திரும்பினால் அதுவும் மண்ணுக்குள் திரும்பும். விலகினாலும் மறுபடி குத்திக் கொள்ளும். ஆனால் எடை கூடுதல். மடங்காது.

பாறை நிறைந்த "பார்" பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்குக் கொக்கி நங்கூரம் நல்லது. வெல்டிங் பட்டறையில் கம்பியை வளைத்து 4 கொக்கி வைத்துச் செய்து தருவார்கள். பாறை இடுக்கில் மாட்டிக் கொள்ளும். பலமாக இழுத்தால் கம்பி நிமிர்ந்து வந்து விடும். ஆனால் மணலில் இதை நம்பக் கூடாது. மெல்லிய கம்பி மணலைக் கீறிக் கொண்டே வரும். பிடிக்காது.

30 அடி படகுக்குத் தட்டை நங்கூரம் என்றால் 7 அல்லது 8 கிலோ. கலப்பை என்றால் 10 முதல் 12 கிலோ. இது பொதுவான அளவு. மழைக்காலத்தில் போகிறவர்கள் அடுத்த பெரிய அளவை வாங்குவது நல்லது. கூடவே ஒரு கொக்கி நங்கூரமும் இருந்தால் கவலை இல்லை. ஒன்று போனால் இன்னொன்று!

கயிறு எவ்வளவு?

நல்ல நங்கூரத்தை வாங்கியும் ஏமாந்து போகிறவர்கள் உண்டு. காரணம், கயிறு!

கலப்பையை முன்பக்கம் இழுத்தால் மண்ணுக்குள் இறங்கும். மேலே தூக்கினால்? வெளியே வந்து விடும். நங்கூரமும் அப்படித்தான். கயிறு குட்டையாக இருந்தால், அலை படகைத் தூக்கும்போது எல்லாம் நங்கூரத்தையும் மேலே தூக்கும். கயிறு நீளமாக இருந்தால் படுக்கை வசத்தில் இழுக்கும். இழுக்க இழுக்க நங்கூரம் இறங்கும்.

கணக்கு சுலபம். கடல் அமைதியாக இருந்தால் ஆழத்தைப் போல 5 மடங்கு. காற்று அடித்தால் 7 மடங்கு.

5 பாகம் ஆழம் என்றால் 25 பாகம் கயிறு விட வேண்டும். காற்று இருந்தால் 35 பாகம். 10 பாகம் ஆழத்தில் 50 முதல் 70 பாகம். (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த அளவு. சுமார் 6 அடி.)

தண்ணீரின் ஆழத்தோடு, தண்ணீர் மட்டத்தில் இருந்து படகின் முன்மூக்கு உள்ள உயரத்தையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஓதம் ஏறினால் சென்னையில் சுமார் ஒரு மீட்டர் தண்ணீர் கூடும். அதற்கும் சேர்த்து விட வேண்டும்.

மிதக்கும் கயிறு வேண்டாம்!

கயிற்றிலும் ரகம் உண்டு. நைலான் கயிறுதான் நங்கூரத்துக்கு ஏற்றது. தண்ணீரில் மூழ்கும். அலை அடிக்கும்போது கொஞ்சம் நீண்டு கொடுத்து, அடியைத் தானே வாங்கிக் கொள்ளும்.

விலை குறைவு என்று பலர் வாங்கும் பிளாஸ்டிக் கயிறு தண்ணீரில் மிதக்கும். பக்கத்தில் போகிற படகின் விசிறியில் சுற்றிக் கொள்ளும். சில சமயம் சொந்தப் படகின் விசிறியிலேயே சுற்றும்! வெயிலில் கிடந்து கிடந்து உளுத்தும் போய் விடும். பார்க்கப் புதிதாக இருக்கும். இழுத்தால் அறுந்து விடும்.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் இரும்புச் சங்கிலி கட்டாயம் வேண்டும். படகு எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளச் சங்கிலி இருந்தால் நல்லது. 8 மில்லிமீட்டர் சங்கிலி 30 அடிக்குச் சுமார் 13 கிலோ வரும். இந்தக் கனம் கயிற்றைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். கல்லில் உரசிக் கயிறு அறுந்து போகாமலும் காக்கும்.

சங்கிலியை மாட்டும் ஷேக்கிளின் திருகாணியை முறுக்கி விட்டால் மட்டும் போதாது. ஆட்டத்தில் கழன்று விடும். மெல்லிய கம்பியால் அதைக் கட்டி விட வேண்டும். சின்ன வேலைதான். இதை விட்டதால் நங்கூரத்தைக் கடலுக்குத் தானம் செய்தவர்கள் உண்டு!

எங்கே வைப்பது?

வலைக்கு அடியில் இருக்கும் நங்கூரமும், வீட்டில் இருக்கும் நங்கூரமும் ஒன்றுதான். அவசரத்துக்கு இரண்டும் உதவாது.

நங்கூரத்துக்கு உரிய இடம் படகின் முன்பக்கம். அதன் மேல் வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன் எதையும் வைக்கக் கூடாது. அடியில் பழைய டயர்த் துண்டு ஒன்றைப் போட்டு விட்டால் பைபர் தேயாது. ஓட்டை விழாது.

சும்மாவும் கிடக்கக் கூடாது. அலையில் எகிறி ஆள் மேல் விழுந்தால் காலை முறித்து விடும். வலையில் மாட்டினால் வலை நாசம். ஆகவே கட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் ஒரே இழுப்பில் அவிழும்படி உருவு முடிச்சாகப் போட வேண்டும். ஈரக் கையில், இருட்டில், அவிழ்க்க முடியாத முடிச்சு ஆபத்து!

கயிற்றை ஒரு பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி வைக்கலாம். சங்கிலி மேலே இருக்க வேண்டும். கூடையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வடிந்து விடும். இந்தக் கயிறு நங்கூரத்துக்கு மட்டும்தான். பெட்டி கட்ட, படகு இழுக்க என்று எடுத்தால், தேவைப்படும்போது இருக்காது.

திசை காட்டி வைத்து இருக்கும் படகில் இன்னொரு எச்சரிக்கை. இரும்பு நங்கூரத்தையோ, சங்கிலியையோ அதன் பக்கத்தில் வைத்தால் முள் தப்பாகக் காட்டும். வடக்கு என்று நினைத்து வேறு பக்கம் போய் விடுவீர்கள்!

வீசி எறியாதே!

சினிமாவில் வருவது போல நங்கூரத்தைத் தலைக்கு மேல் சுழற்றி எறியக் கூடாது. சங்கிலி மேலே விழுந்து சிக்கிக் கொள்ளும். காலில் கயிறு மாட்டினால் ஆளும் சேர்ந்து போவார்.

முதலில் ஒரு விஷயம். கயிற்றின் கடைசி முனை படகில் கட்டி இருக்கிறதா? இது சிரிப்பாகத் தோன்றலாம். அவசரத்தில் கட்டாமல் போட்டு, கயிறு முழுவதும் ஓடி மறைவதைப் பார்த்துக் கொண்டு நிற்கிறவர்கள் எல்லாக் கடலிலும் உண்டு.

எஞ்சின் ஓடினால் படகின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, நிறுத்தி, நங்கூரத்தை மெதுவாக இறக்க வேண்டும். தரை தட்டியதும் படகு பின்னால் நகரும். நகர நகரக் கயிற்றை விட வேண்டும். தேவையான அளவு போனதும் கட்டி விட வேண்டும்.

கயிற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக நின்றால் பிடித்து விட்டது. "கட கட" என்று அதிர்ந்தால் நங்கூரம் தரையில் உரசிக் கொண்டு வருகிறது. இன்னும் கயிறு விட வேண்டும்.

கரையில் ஒன்றின் பின்னால் ஒன்று தெரியும் 2 அடையாளங்களைப் பார்த்து வைத்துக் கொள்ளலாம். முன்னால் ஒரு விளக்குக் கம்பம், பின்னால் ஒரு உயரமான கட்டிடம் என்று இருக்கலாம். அவை விலகாமல் அப்படியே தெரிந்தால் படகு நிற்கிறது. விலகினால் நகர்கிறது. ஜி.பி.எஸ். கருவி உள்ளவர்கள் அதில் உள்ள நங்கூர அலாரத்தையும் போட்டு விடலாம்.

இரவு என்றால் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். கப்பல் வந்து போகும் வழியில் நங்கூரம் போடக் கூடாது.

பின்பக்கம் கட்டாதே!

உயிர் போகும் தவறு ஒன்று உண்டு. நங்கூரத்தைப் படகின் பின்பக்கம் கட்டுவது!

எஞ்சின் மாட்டுவதற்காகப் பின்பக்கம் தாழ்வாக இருக்கும். எஞ்சின் கனம் வேறு அழுத்தும். அங்கே நங்கூரமும் பிடித்து இழுத்தால் அலை நேராக உள்ளே வந்து விடும். 2 அலை போதும், படகு நிறைந்து விடும். எப்போதும் முன்மூக்கில்தான் கட்ட வேண்டும். கூரான மூக்கு அலையைக் கிழித்துக் கொண்டு நிற்கும்.

பாறையில் மாட்டிக் கொண்டால்?

நங்கூரம் பாறையில் மாட்டி வராமல் போவது உண்டு. அதற்கும் ஒரு தந்திரம் இருக்கிறது.

சங்கிலியை நங்கூரத்தின் தலைப்பக்கம் கட்டாமல், அடிப்பக்கம் கட்ட வேண்டும். பிறகு அதைத் தண்டு வழியாகக் கொண்டு வந்து, தலையில் உள்ள வளையத்தோடு மெல்லிய சணல் கயிற்றால் கட்டி விட வேண்டும். மாட்டிக் கொண்டால் நேர் மேலாக நின்று பலமாக இழுத்தால் போதும். சணல் அறுந்து விடும். நங்கூரம் அடிப்பக்கமாக உருவிக் கொண்டு வந்து விடும். பார் பக்கம் சிறிது நேரம் நிற்பதற்கு மட்டும்தான் இந்தத் தந்திரம். காற்று அடிக்கும் நேரத்திலோ, இரவிலோ இப்படிக் கட்டக் கூடாது.

கயிறு எட்டாத ஆழத்தில் எஞ்சின் நின்றால் நங்கூரம் உதவாது. அப்போது பெரிய துணிப்பையையோ, கூடையையோ கயிற்றில் கட்டி முன்பக்கம் தண்ணீரில் விட வேண்டும். அது குடை போல விரிந்து தண்ணீரைப் பிடிக்கும். படகு நகர்வது மெதுவாகும். மூக்கும் அலையைப் பார்த்தே நிற்கும். ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் நங்கூரத்தை இறக்கலாம்.

1554

இப்போது அந்த மாமன்-மருமகன் படகுக்கே மறுபடி வருவோம்.

அதே விடிகாலை. அதே காற்று. அதே கருங்கல். ஆனால் இந்தத் தடவை நங்கூரம் முன்மூக்கில், டயர்த் துண்டு மேல் தயாராக இருக்கிறது.

"மாமா, முடிச்ச உருவிட்டேன்!"

"மெதுவா உடு… உடு… இன்னும் உடு. பத்தாது, இன்னும் 10 பாகம் உடு. இப்பக் கட்டு!"

கயிறு விறைக்கிறது. படகு ஒரு குலுங்கு குலுங்கி, அலைப் பக்கம் மூக்கைத் திருப்பிக் கொண்டு நிற்கிறது.

இனி 9 நிமிடக் கணக்கு இல்லை. எஞ்சினைத் தூக்கி, விசிறியில் சுற்றிய வலையை அறுத்து எடுக்கலாம். முடியவில்லை என்றால் பக்கத்துப் படகைக் கூப்பிடலாம். கடலோரக் காவல் படையின் அவசர உதவி எண் 1554. அதற்குப் போன் செய்து, இருக்கும் இடத்தைச் சொல்லி விட்டுக் காத்து இருக்கலாம். தேடி வருகிறவர்களுக்கும் சுலபம். சொன்ன இடத்திலேயே படகு நிற்கும்!

"இந்தக் கயித்த எடுத்துத்தான்டா நேத்து ஐஸ் பெட்டி கட்டலாம்னு சொன்ன?"

"தெரியாம சொல்லிட்டேன் மாமா."

கரையில் ஏலத்துக்குக் கூடை வைத்துக் கொண்டு காத்து இருக்கும் பெண்களுக்கு இது எதுவும் தெரியாது. "ஏன் இன்னிக்கி இவ்வளவு நேரம்?" என்று ஒரு சத்தம் போடுவார்கள். அவ்வளவுதான்!